சூடானில் இத்தனை நிவாரண அமைப்புகள் இருந்தும் பட்டினி ஏன்?

"சூடானில் ஒரு கோடிப் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு ஓடியிருக்கிறார்கள் என்கிறார்கள். ஐ.நா. இருக்கிறது, செஞ்சிலுவை இருக்கிறது, வருஷா வருஷம் கோடிக்கணக்கில் டாலர் போகிறது. அப்புறமும் ஏன் பஞ்சம்? நடுவில் யாராவது சாப்பிட்டுவிடுகிறார்களா? நான் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் போய்ச் சேருமா?" இதுதான் கேள்வி. கேட்டவர் கோபத்தில் கேட்டிருக்கிறார், அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் திருட்டை முதல் காரணமாக வைத்துப் பேச ஆரம்பித்தால் உண்மையான காரணங்கள் கண்ணில் படாமலே போய்விடும். திருட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2023 ஏப்ரல் 15 அன்று தலைநகர் கார்ட்டூமில் சண்டை வெடித்தது. ஒரு பக்கம் ஜெனரல் புர்ஹானின் ராணுவம். மறுபக்கம் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படை. அதன் தலைவர் முகமது ஹம்தான் டகாலோ, ஊருக்கெல்லாம் ஹெமெட்டி. இந்த இருவரும் சேர்ந்துதான் 2021-இல் ஆட்சியைப் பிடித்தார்கள். பங்கு பிரிப்பதில் வந்த சண்டைக்கு ஐந்து கோடி மக்கள் விலை கொடுக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்து கிடந்தவர்கள் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். நாட்டின் மேற்கே உள்ள டார்ஃபூரில் 2003-இல் தொடங்கிய போரில் வீடிழந்து, இருபது வருஷமாக முகாமிலேயே இருந்தவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். இவர்கள் போக சாட், எகிப்து, தென் சூடான் என்று எல்லை தாண்டியவர்கள் 30 லட்சத்துக்கும் மேல்.

முதல் சிக்கல் அன்றைக்கே தொடங்கிவிட்டது. அதுவரை டார்ஃபூருக்கோ, அதை ஒட்டிய கொர்டொஃபானுக்கோ நிவாரணம் போவதென்றால் கார்ட்டூமிலிருந்துதான் போகும். அலுவலகம், கிடங்கு, வங்கி, விமான நிலையம் எல்லாம் அங்கேதான். சண்டை அந்த ஊரிலேயே தொடங்கியதால் முதல் நாளிலேயே எல்லாம் ஸ்தம்பித்தது. அதே நாளில் வடக்கு டார்ஃபூரின் கப்காபியாவில் உலக உணவுத் திட்டத்தின் ஊழியர்கள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பத்துப் பதினைந்து நாளில் வெளிநாட்டு அமைப்புகள் செங்கடல் ஓரத்து போர்ட் சூடானுக்கு ஓடிவிட்டன. நம் ஊர்க்காரர்களும் அதே போர்ட் சூடான் வழியாகத்தான் 'ஆபரேஷன் காவேரி'யில் ஜெட்டா வந்து வீடு திரும்பினார்கள். அன்றிலிருந்து நிவாரணத்தின் தலை நாட்டின் ஒரு மூலையில் இருக்கிறது. பசி அதிகமாக இருக்கும் டார்ஃபூரோ நேர் எதிர்மூலையில், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். நடுவில் போர்முனை.

இடம்பெயர்ந்தவர்கள் என்றதும் வெள்ளைக் கூடாரங்கள் வரிசையாக நிற்கும் படம்தான் நமக்கு நினைவுக்கு வரும். சூடானில் பெரும்பாலானவர்கள் அப்படி இல்லை. சித்தப்பா வீட்டில், மனைவியின் அக்காள் வீட்டில், முன்பின் தெரியாத ஒரு நல்ல மனிதர் ஒழித்துக் கொடுத்த திண்ணையில், பள்ளிக்கூட வகுப்பறையில் இருக்கிறார்கள். ஒரு வகுப்பறையில் சேலையும் போர்வையும் கட்டிப் பிரித்து நாலைந்து குடும்பம். இதில் இரண்டு தொல்லை. பள்ளியில் ஆள் குடியிருந்தால் பள்ளி திறக்க முடியாது. அங்கிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்வதா, பிள்ளைகளின் படிப்பை விடுவதா என்று ஊருக்குள்ளேயே சண்டை வரும். இரண்டாவது, ஏழு பேர் சாப்பிட்ட வீட்டில் இருபது பேர் சாப்பிட்டால் சேமித்த சோளம் சீக்கிரமே தீர்ந்துபோகும். பட்டியல் எடுக்க வருகிறவர் இடம்பெயர்ந்தவர் யார் என்றுதான் கேட்பார். இடம் கொடுத்தவரும் அதற்குள் வெறும் பானையோடு நிற்பது அவருடைய படிவத்தில் வராது.

சரி, லாரிக்கு வருவோம். போர்ட் சூடானில் கப்பல் வந்து சரக்கு இறங்குகிறது என்று வையுங்கள். ஊழியருக்கு விசா வேண்டும். மனிதாபிமான உதவி ஆணையம் என்ற அரசு அமைப்பிடம் பயண அனுமதி வாங்க வேண்டும். வண்டி எண், டிரைவர் பெயர், சரக்குப் பட்டியல் என்று ஒவ்வொன்றுக்கும் முத்திரை. ராணுவ உளவுப் பிரிவும் தனியாகப் பார்க்கும். எல்லாம் முடிந்து போர்முனையைத் தாண்டினால் ஆர்.எஸ்.எஃப். தன் பங்குக்கு ஒரு நிவாரண ஆணையம் வைத்திருக்கிறது. அவர்களிடமும் அதே வரிசையில் நிற்க வேண்டும். அப்புறம் சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் துப்பாக்கியோடு நிற்கும் இளைஞனுக்கு ஏதாவது கொடுக்காமல் நகர முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அப்போது வறண்டு கிடந்த ஓடைகள் ஆறாக மாறும். 2024 மழையில் மேற்கு டார்ஃபூரின் மோர்னே பாலம் இடிந்து, டார்ஃபூரின் உள்பகுதிக்குப் போகும் முக்கியமான வழி அறுந்தது.

இதில் அத்ரே எல்லை வாசலின் கதை ஒன்றே போதும். சாட் நாட்டின் அத்ரேயிலிருந்து மேற்கு டார்ஃபூரின் தலைநகர் அல் ஜெனீனாவுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். டார்ஃபூருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. 2024 பிப்ரவரியில் ராணுவ அரசு இந்த வாசலை மூடச் சொல்லிவிட்டது. அது வழியாக ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் வருகிறது என்பது காரணம். ஆயுதம் அமீரகத்திலிருந்து சாட் வழியாக வருவதாகக் குற்றச்சாட்டு, அமீரகம் மறுக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அந்த வாசல் அரசின் கையிலேயே இல்லை. அந்தப் பக்கம் நின்றது ஆர்.எஸ்.எஃப். ஆனாலும் இறையாண்மை உள்ள அரசு சொல்லிவிட்டது என்பதால் ஐ.நா. லாரிகள் நின்றன. ஆயுதம் கொண்டுபோகிறவன் யாரிடமும் அனுமதி கேட்கப்போவதில்லை. சோள மூட்டை கொண்டுபோகிறவர் மட்டும்தான் கேட்பார். மாற்றாக வடக்கே தினே என்ற வாசலைத் திறந்தார்கள். மழை வந்ததும் அந்தப் பாதை சேறானது. ஆகஸ்ட் 1 அன்று, வடக்கு டார்ஃபூரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதியானது. இரண்டு வாரம் கழித்துத்தான் அத்ரே திறக்கப்பட்டது, அதுவும் மூன்று மாதத்துக்கு மட்டும் என்று. பிறகு தவணை தவணையாக நீட்டித்தார்கள்.

பஞ்சம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். பசியைக் கணக்கெடுக்கும் சர்வதேச நிபுணர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஐந்தில் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு அறவே இல்லாத நிலை, நூறு குழந்தைகளில் முப்பது பேருக்குக் கடும் சத்துக்குறைவு, பத்தாயிரம் பேரில் நாள்தோறும் இரண்டு சாவு. இந்த மூன்று எல்லையும் தாண்டினால்தான் பஞ்சம் என்று அறிவிப்பார்கள். 2011-இல் சோமாலியா, 2017-இல் தென் சூடான், அடுத்து 2024-இல் ஸம்ஸம். அந்த அளவுக்கு அரிதான அறிவிப்பு அது. அதாவது அறிவிப்பு வரும்போது சாவு ஏற்கெனவே தொடங்கி நாளாகியிருக்கும். 2024 டிசம்பரில் பஞ்சம் இன்னும் சில இடங்களுக்குப் பரவிவிட்டது என்று அறிக்கை வரவிருந்த நேரத்தில், அந்தக் கணக்கெடுப்பு முறையிலிருந்தே விலகிக்கொள்வதாக ராணுவ அரசு அறிவித்தது.

இனி அல் ஃபாஷிர். இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். டார்ஃபூரில் ராணுவத்தின் கையில் மிஞ்சியிருந்த கடைசிப் பெரிய நகரம் இது. 2024 மே மாதம் முதல் ஆர்.எஸ்.எஃப். சுற்றி வளைத்தது. பிறகு நகரைச் சுற்றி மணல் கரையே எழுப்பினார்கள். உள்ளே போகிற சரக்கும் நின்றது, வெளியே வருகிற ஆளும் நின்றார். 2025 ஜூனில் போர்ட் சூடானிலிருந்து 1,800 கிலோமீட்டர் வந்த ஐ.நா.வின் பதினைந்து லாரிகள் அல் கோமா என்ற ஊரில் அனுமதிக்காகக் காத்து நின்றபோது தாக்கப்பட்டன. ஐந்து பேர் செத்தார்கள். நகரம் எண்பது கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. இரு தரப்பும் தங்கள் வேலையில்லை என்று ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

அந்த நகரத்தில் மக்கள் கடைசியில் எதைச் சாப்பிட்டார்கள் தெரியுமா? அம்பாஸ். நமக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை, கடலைப் புண்ணாக்குதான். எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சுவது, மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் வைப்பது. அதை இடித்து, தண்ணீரில் ஊற வைத்து, வேகவைத்துத் தின்றார்கள். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைத் தின்று வயிறு கெட்டுச் செத்தவர்களும் உண்டு. பிறகு அதற்கும் தட்டுப்பாடு வந்து அதன் விலையும் ஏறியது.

நிலக்கடலை அதிகம் விளையும் நாடுகளில் சூடானும் ஒன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கடும் சத்துக்குறைவால் வாடும் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து உணவும் கடலையிலிருந்து செய்வதுதான். கடலை விழுது, பால் மாவு, சர்க்கரை, எண்ணெய், சத்துகள் எல்லாம் கலந்து 92 கிராம் பாக்கெட்டில் வரும். ஒரு பாக்கெட்டில் 500 கலோரி. அடுப்பும் தண்ணீரும் வேண்டாம், பிரித்து அப்படியே சப்பலாம். எந்தக் குழந்தைக்குக் கொடுப்பது என்று பார்க்க ஒரு காகித நாடா. குழந்தையின் மேல்கையைச் சுற்றிப் பிடிப்பார்கள். பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. அந்தக் குழந்தையின் கையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒரு குழந்தையைத் தேற்ற ஒரு பெட்டி, அதாவது 150 பாக்கெட், ஆறிலிருந்து எட்டு வாரம். கார்ட்டூமிலேயே இதைத் தயாரிக்கும் தொழிற்சாலை இருந்தது. நாட்டில் இந்த உணவு தேவைப்பட்ட குழந்தைகளில் அறுபது சதவீதத்துக்கு அங்கிருந்துதான் போனது. போர் தொடங்கிய ஒரே மாதத்தில், 2023 மே மாதம், அது எரிந்தது. உள்ளே அனுப்பத் தயாராக இருந்த 14,500 பெட்டிகளும் சேர்ந்து எரிந்தன. பெட்டிக்கு ஒரு குழந்தை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2025 அக்டோபர் 26 அன்று அல் ஃபாஷிர் விழுந்தது. அங்கே நடந்த படுகொலை உலகச் செய்தியானது, திரும்பச் சொல்லவில்லை. தப்பியவர்கள் தென்மேற்கே அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள தவிலாவுக்கு நடந்தார்கள். ஏப்ரலில் ஸம்ஸம் முகாமை ஆர்.எஸ்.எஃப். தாக்கியபோது ஓடியவர்களும் அங்கேதான் இருந்தார்கள். இரு தரப்போடும் சேராத ஒரு பழைய கிளர்ச்சிக் குழுவின் கையில் அந்த ஊர் இருப்பதால்தான் அது புகலிடமாக முடிந்தது. சிற்றூரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குவிந்தால் என்ன ஆகும்? அந்த வருஷ மழைக்காலத்தில் அங்கே காலரா வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து லிட்டர் தண்ணீர் என்று நிவாரண உலகம் ஒரு அளவு வைத்திருக்கிறது. நம் வீட்டில் ஒருவர் குளிக்கவே அவ்வளவு பிடிக்கும். தவிலாவில் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இவ்வளவு அடைப்புக்கும் நடுவில் கார்ட்டூமிலும் டார்ஃபூரிலும் லட்சக்கணக்கானவர்கள் எப்படி உயிரோடு இருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. கஞ்சித் தொட்டிகளால்தான். அவர்கள் அதைத் தகியா என்கிறார்கள். சூஃபி மடங்களில் வழிப்போக்கருக்குச் சோறு போடும் பழைய வழக்கத்தின் பெயர் அது. நடத்துகிறவர்கள் 'அவசர அறைகள்' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அந்தந்தத் தெருவின் இளைஞர்களும் பெண்களும். 2018 டிசம்பரில் ரொட்டி விலையேற்றத்துக்கு எதிராக அத்பராவில் தொடங்கிய போராட்டம் நாடெங்கும் பரவி, முப்பது வருஷம் ஆண்ட பஷீரை 2019 ஏப்ரலில் இறக்கியது. அப்போது தெருவுக்குத் தெரு முளைத்தவை எதிர்ப்புக் குழுக்கள். போர் வந்ததும் அதே குழுக்களின் ஆட்கள் கொடியை வைத்துவிட்டு அண்டாவைத் தூக்கினார்கள். அறுவடைக்கோ வீடு கட்டவோ ஊரே கூடி உழைக்கும் 'நஃபீர்' என்ற வழக்கம் ஏற்கெனவே அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், எந்தச் சந்தில் துப்பாக்கிக்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

ஒரு தொட்டியின் நாள் இப்படிப் போகும். விடிந்ததும் சந்தைக்கு ஒருவர். பருப்பு, மொச்சை, சோள மாவு, எண்ணெய், விறகு, எது கிடைத்தால் அது. காஸ் கிடையாது, அதனால் மூன்று கல் வைத்து விறகடுப்பு. பெரிய அலுமினிய அண்டாவில் பருப்பு வேகும். இல்லையென்றால் அஸீதா, நம் சோளக் களிக்கு மிகப் பக்கத்தில் வரும் பண்டம். பிள்ளைகள் வாளியும் தூக்குமாக வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு அதற்கேற்றபடி கரண்டி. அநேக இடங்களில் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். மதியம், காலையில் வாங்கிய ரசீதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், கணக்குக்காக.

வாட்ஸ்அப் போக வேண்டுமே! 2024 பிப்ரவரியில் தொலைபேசி வலையமைப்பே நாடு முழுக்க விழுந்தது. ஸ்டார்லிங்க் கருவி வைத்திருந்தவர்கள் மணிக்கணக்கில் காசு வாங்கி இணையம் விற்றார்கள். இணையம் ஏன் இவ்வளவு முக்கியமென்றால், பணம் வருவதே கைபேசியில்தான். கார்ட்டூம் வங்கியின் 'பங்கக்' செயலிதான் இன்று சூடானின் பணப்பை என்று சொல்லலாம். சவுதியில் இருக்கும் அண்ணன் போட்டாலும், லண்டனில் இருக்கும் சங்கம் போட்டாலும் அதில்தான் விழும். அதை ரொக்கமாக மாற்ற வியாபாரியிடம் போனால் கமிஷன். ரொக்கத் தட்டுப்பாடான ஊர்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை, சமயத்தில் அதற்கும் மேலே. 2024 டிசம்பரில் ராணுவ அரசு புது நோட்டு அடித்துப் பழையதைத் திரும்ப வாங்கியது. ஆர்.எஸ்.எஃப். பகுதியில் புது நோட்டு செல்லாது என்றார்கள். ஒரே நாட்டில் இரண்டு வகை நோட்டு. ரொக்கம் இன்னும் அரிதாகிப் போயிற்று.

இந்த அறைகளுக்குப் பெரிய அமைப்புகள் நேராகப் பணம் கொடுக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். கொடுப்பவர் பதிவுச் சான்று கேட்பார், அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு கேட்பார், தணிக்கை அறிக்கை கேட்பார், மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்பார். ஊரில் திறந்திருப்பதே ஒரு கடை. அரசிடம் பதிவு செய்தால் அதன் பிடிக்குள் போவார்கள். உடனே மறுபக்கம் அவர்களை உளவாளி என்று சொல்லும். இரு தரப்பும் இந்த இளைஞர்களைப் பிடித்து அடித்திருக்கின்றன, கொன்றும் இருக்கின்றன. 2023, 2024-இல் சில நன்கொடையாளர்கள் இடைத்தரகு அமைப்புகளை வைத்து இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். சிறு தொகை, எளிய கணக்கு, ரசீதுப் படம் போதும் என்ற ஏற்பாடு. வேலையும் செய்தது. 2025-இல் நோபலுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது, ராஃப்டோ பரிசு இரண்டும் அவசர அறைகளுக்குக் கிடைத்தன.

ஆனால் அதே வருஷ ஜனவரியில் பெரிய அடி விழுந்துவிட்டது. அமெரிக்காவில் புது அரசு வந்ததும் வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்தியது. 2024-இல் சூடானுக்கு வந்த நிவாரணப் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அமெரிக்காவுடையது. பெரிய அமைப்புகளுக்குக் கையிருப்பு இருக்கும், சில மாதம் தாக்குப்பிடிப்பார்கள். தெருவோரத் தொட்டிக்கு அடுத்த வாரத்துப் பருப்புக்கே பணம் வர வேண்டும். நாடெங்கும் 1,100-க்கும் மேற்பட்ட அடுப்புகள் அணைந்துவிட்டன என்று பிப்ரவரியில் அறைகளே கணக்குச் சொன்னார்கள். 2025-க்கு ஐ.நா. கேட்டது ஏறக்குறைய 420 கோடி டாலர், இரண்டு கோடிப் பேருக்கு உதவ. பாதிகூட வரவில்லை.

இப்போது திருட்டு. உண்டு. 2023 டிசம்பரில் ஆர்.எஸ்.எஃப். வாத் மதனியைப் பிடித்தபோது அங்கிருந்த உலக உணவுத் திட்டக் கிடங்கைச் சூறையாடினார்கள். 15 லட்சம் பேருக்கு ஒரு மாதத்துக்கான உணவு அது. அந்த ஊர் சூடானின் நெற்களஞ்சியம் போன்ற ஜெஸிரா பாசனப் பகுதியின் தலைநகர். கார்ட்டூமிலிருந்து ஓடியவர்கள் அங்கேதான் தஞ்சம் புகுந்திருந்தார்கள், மறுபடி ஓடினார்கள். உலக உணவுத் திட்டம் தன் சூடான் அலுவலகத்தின் மேலதிகாரிகள் மீதே மோசடிப் புகாரை விசாரிப்பதாக 2024-இல் செய்தி வந்தது. சாவடிக் காசு, கமிஷன் எல்லாம் ஏற்கெனவே சொன்னேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். ஒரு லாரியில் நூறு மூட்டையில் பத்து களவு போனால் மிச்சம் தொண்ணூறு சேரும். லாரியே ஆறு மாதம் எல்லையில் நின்றால் ஒன்றுமே சேராது. ஸம்ஸமில் நடந்தது இரண்டாவது. 2025 அக்டோபர் கடைசியில், அல் ஃபாஷிர் விழுந்த அதே வாரத்தில், ராணுவ அரசு உலக உணவுத் திட்டத்தின் மூத்த அதிகாரிகள் இருவரை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. இதைத் தட்டிக்கேட்க வேண்டிய இடம் தணிக்கை அலுவலகம் இல்லை, இரு தரப்புக்கும் ஆயுதமும் ஆதரவும் தருகிற தலைநகரங்கள்.

2025-இல் ராணுவம் கார்ட்டூமையும் ஜெஸிராவையும் மீட்ட பிறகு 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பியிருக்கிறார்கள். திரும்பிய வீட்டில் கதவு, ஜன்னல், மின்கம்பியெல்லாம் உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பியவுடன் 'இடம்பெயர்ந்தவர்' பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், பசி போகாது.

கடைசியாக உங்கள் ஆயிரம் ரூபாய். பொருளாக எதுவும் அனுப்பாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினச் சாலையோரத்தில் பழைய துணி மலைமலையாகக் கிடந்து நனைந்து நாறியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சூடானில் சந்தை நடக்கிற ஊர்களில் பணம் போனால் அங்கேயே சோளம் வாங்க முடியும், வியாபாரியும் பிழைப்பார். சந்தையே செத்துப்போன முற்றுகை ஊர்களில்தான் லாரி தேவை. இன்ன ஊரில் இன்ன குழந்தைக்கு என்று குறிப்பிட்டுக் கொடுக்காமல், சூடான் வேலைக்குப் பொதுவாக என்று கொடுங்கள். போர்முனை வாராவாரம் நகர்கிறது, பணமும் நகர வேண்டும். இந்தியாவிலிருந்து நேராக அங்கே அனுப்பப் பார்த்தால் சூடான் என்ற பெயரைப் பார்த்ததும் வங்கி ஆயிரம் கேள்வி கேட்கும். பெரிய அமைப்புகளின் வழியாகவோ, வெளிநாட்டில் உள்ள உறவினர் மூலம் அங்குள்ள சூடானியர் சங்கங்களுக்கோ கொடுப்பது எளிது. எந்த அமைப்பாக இருந்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள்: போர்முனையின் இரண்டு பக்கமும் உங்கள் ஆட்கள் இருக்கிறார்களா, உள்ளூர் அவசர அறைகளுக்கு நீங்கள் தரும் பங்கு எவ்வளவு, பணம் ஊருக்குள் ரொக்கமாகும்போது எவ்வளவு கமிஷன் போகிறது. உண்மையிலேயே வேலை செய்கிறவர்கள் மூன்றாவது கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்வார்கள். எங்களிடம் கமிஷனே போவதில்லை என்று சொன்னால் அவர்கள் டார்ஃபூரில் இல்லை என்று பொருள்.